லக்ராஸ்ல புள்ளைய சேர்க்கப் போறீங்களா? அடிக்கடி கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

லேன்ஹாம் சிவா விஷ்ணு கோவில் பார்க்கிங்ல நான் கார் டிக்கியத் திறந்தா போதும், உள்ள கெடக்குற வலை கட்டின ஸ்டிக்கப் பாத்துட்டு யாராவது ஒருத்தர் வந்து "என்னங்க இது, மீன் பிடிக்கவா?"ன்னு ஆரம்பிச்சு, கடைசில "எங்க பையனும் கேட்டுட்டே இருக்கான், என்னென்ன வாங்கணும், அடிபடாதா?"ன்னு வந்து நிப்பாங்க. நாங்க இருக்குறது மேரிலாண்ட்ல, இங்க எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு வீட்டு வாசல்லயாவது இந்த ஸ்டிக் சாஞ்சிருக்கும். என் பையன் 8 வயசுல சேந்தான், இப்ப 13. பொண்ணு அண்ணனப் பாத்து ரெண்டு வருஷம் கழிச்சு சேந்தா. நான் கோச்சும் இல்ல ரெஃப்ரியும் இல்ல, மடக்கு நாற்காலி போட்டு சைடுலைன்ல உக்காந்திருக்குற அப்பா, அவ்ளோதான். ரூல் வருஷா வருஷம் லேசா மாறும், லீக்குக்கு லீக்கும் மாறும், அதனால எதையும் வாங்குறதுக்கு முன்னாடி உங்க லீக் ரூல் ஷீட்ட ஒரு தடவ படிச்சிடுங்க.

மொதல்ல இது என்ன விளையாட்டு? ஹாக்கி மாதிரியா?

ஹாக்கி இல்ல. நீளமான குச்சி, அதோட தலைல ஒரு வலப் பை, அதுல பந்த வெச்சுக்கிட்டு ஓடி, இன்னொருத்தனுக்கு வீசி, எதிர் டீம் கோலுக்குள்ள அடிக்கணும். கோல் 6 அடிக்கு 6 அடி. எங்க அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப இதப் பாத்துட்டு "ஜல்லிக்கரண்டி மாதிரி இருக்குடா"ன்னாங்க, பந்த அள்ளுறதுக்கு அது சரியான உவமைதான். ஆனா வீசுறது கரண்டி வேலை இல்ல, கவண்ல கல்லு வெச்சு விடுற மாதிரி, கை வேகத்த விட குச்சியோட நீளம்தான் பந்துக்கு வேகத்தக் குடுக்குது.

அமெரிக்கப் பூர்வகுடிகளோட விளையாட்டு இது, குறிப்பா நியூயார்க் மாநிலத்துலயும் கனடா பக்கமும் இருக்குற ஹோடினஷோனி மக்களோடது, அவங்களுக்கு இது படைச்சவனுக்குச் செய்யுற காணிக்கை மாதிரி, நோயைத் தீக்குறதுக்கே ஆடுவாங்க. 1867ல மான்ட்ரியால்ல ஜார்ஜ் பியர்ஸ்னு ஒரு பல் டாக்டர் ரூலா எழுதி வெச்சாரு, அதுக்கப்புறம்தான் கிளப், லீக் எல்லாம். இன்னிக்கும் ஹோடினஷோனி டீம் தனி நாடாதான் உலகப் போட்டிக்கு வருது, சொந்த பாஸ்போர்ட்டோட. 2010ல இங்கிலாந்து அந்த பாஸ்போர்ட்ட ஏத்துக்கல, அவங்களும் வேற பாஸ்போர்ட்ல வர மாட்டோம்னு சொல்லி மான்செஸ்டர் உலகக் கோப்பைக்கே போகல. கண்டுபிடிச்சவங்க இல்லாமலே உலகக் கோப்பை நடந்துச்சு!

மேரிலாண்ட்ல 2004ல இருந்து இதுதான் அதிகாரபூர்வ மாநில டீம் விளையாட்டு. நம்ம ஆளுங்க காதுல விழ வேண்டிய இன்னொரு விஷயம், 2023 அக்டோபர்ல மும்பைல நடந்த ஒலிம்பிக் கமிட்டி கூட்டத்துல 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்கு கிரிக்கெட்ட சேத்தாங்கல்ல, அதே ஓட்டுலதான் லக்ராஸையும் சேத்தாங்க.

பையனுக்கும் பொண்ணுக்கும் ஒரே ஆட்டமா? ஒரே செட் வாங்கி ரெண்டு பேரும் மாத்தி மாத்தி யூஸ் பண்ணலாமா?

இல்ல, இல்ல, இல்ல. பேர் மட்டும்தான் ஒண்ணு. ஸ்டிக் வேற, ரூல் வேற, பாதுகாப்புச் சாமான் வேற. பசங்க ஆட்டத்துல உடம்பு மோதல் உண்டு, அதனால ஹெல்மெட் பேட் எல்லாம் கட்டாயம். பொண்ணுங்க ஆட்டத்துல உடம்பால மோதவே கூடாது, அதனால கண்ணுக்குக் கவசமும் வாய்க்கு கார்டும்தான். கடைல பக்கத்துப் பக்கத்துல தொங்கும், வெல கம்மியா இருக்கேன்னு எடுத்துட்டு வந்துடாதீங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் பையனுக்குப் பொண்ணுங்க ஸ்டிக் வாங்கிட்டு வந்து, அந்தப் பை ஆழமே இல்லாம பந்து நிக்காம பையன் மூணு வாரம் "எனக்கு இது வராதுப்பா"ன்னு அழுதான். அந்த ஒருத்தர் நான்தான்.

பையனுக்கு என்னென்ன வாங்கணும்?

ஹெல்மெட், ஷோல்டர் பேட், ஆர்ம் பேட், கிளவுஸ், மவுத் கார்ட், கிரிக்கெட்ல சென்டர் பேடுன்னு சொல்வோமே அது, ஸ்டிக், ஷூ. ஷூவுக்கு சாக்கர் கிளீட்ஸ் இருந்தா அதுவே போதும், இரும்பு ஆணி வெச்சது மட்டும் கூடாது. ஸ்டார்ட்டர் செட்டுன்னு ஸ்டிக், பேட், கிளவுஸ் சேத்து ஒரு பெட்டியா விப்பாங்க, ஹெல்மெட் பெரும்பாலும் அதுல இருக்காது, தனி. நிறைய லீக்ல மொத வருஷத்துக்கு ஹெல்மெட்டையும் பேடையும் வாடகைக்கோ சும்மாவோ குடுப்பாங்க, கூச்சப்படாம கேளுங்க. பையன் ஒரே சீசன்ல "வேணாம்பா கீபோர்ட் கிளாஸுக்கே போறேன்"னு சொல்லிட்டா காசு மிச்சம்.

காசு எதுல போடணும் எதுல போடக்கூடாதுங்கறதுதான் முக்கியம், இதுல நம்மாளுங்க தலைகீழா செய்யுறாங்க, நானும் செஞ்சேன். கடைக்குப் போனா பையன் நேரா ஸ்டிக் செவுத்துக்குதான் ஓடுவான், கார்பன் ஷாஃப்ட் (கம்பு), கலர் கலரா ஹெட் (வலை கட்டுற தலைப்பகுதி), 160 டாலர். அத வாங்கிக் குடுத்துட்டு பேடுல மிச்சம் பிடிப்போம். அந்த 160 டாலர் ஸ்டிக்க ரெண்டாவது வாரமே அவன் டிரைவ்வேல போட்டுட்டு உள்ள போயிட்டான், நான் ஆபீஸ்ல இருந்து வந்து காரை ஏத்துனேன், படக்குன்னு ஒரு சத்தம். மொத ரெண்டு வருஷத்துக்குச் சாதா அலாய் ஷாஃப்ட் ஸ்டிக் தாராளம், வளைஞ்சாலும் உடையாது. ஹெல்மெட்டுலயும் நெஞ்சுப் பேடுலயும் மட்டும் கணக்குப் பாக்காதீங்க.

நெஞ்சுப் பேடுக்கு ஏன் இவ்ளோ அழுத்திச் சொல்றீங்க?

காரணம் இருக்கு. பந்து கெட்டி ரப்பர், உள்ள காத்து கிடையாது, 142ல இருந்து 149 கிராம் வரைக்கும் இருக்கும், நம்ம கிரிக்கெட் பந்த விட அளவு கொஞ்சம் சின்னது, எடை கொஞ்சம் கம்மி, அவ்ளோதான் வித்தியாசம். இது நெஞ்சுக்கு நேரா, இதயம் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இருக்குற ஒரு கண நேரத்துல வந்து பட்டுச்சுன்னா, எலும்பு எதுவும் உடையாமலே இதயத் துடிப்பு தாளம் தப்பி நின்னுடலாம். கொமோஷியோ கார்டிஸ்னு பேரு. ரொம்ப அபூர்வம்தான், ஆனா வளர்ற பசங்களுக்கு நெஞ்செலும்பு இன்னும் வளையுற மாதிரி இருக்குறதால அவங்களுக்குதான் அதிகம் நடக்குது. அதனால இங்க நாக்ஸினு சொல்ற பாதுகாப்பு அமைப்பு என்டி 200னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டு வந்துச்சு, கோல் காக்குற கோலிகளுக்கு 2021 ஜனவரில இருந்து, மத்த பசங்களுக்கு ஷோல்டர் பேடுல 2022 ஜனவரில இருந்து கட்டாயம் ஆக்கினாங்க. பேடுல நெஞ்சு பக்கம் அந்த நாக்ஸி முத்திரையும், சோதிச்சு சான்று குடுக்குற எஸ்இஐ முத்திரையும் இருக்கான்னு கடைலயே திருப்பிப் பாருங்க.

மைதானத்துல ஏஇடி மெஷின், அதான் தாளம் தப்புன இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி குடுக்குற கருவி, எங்க இருக்குன்னு மொத நாளே கோச்ச கேட்டு வெச்சுக்குங்க. இதயம் நின்னா நிமிஷக் கணக்குதான். பேடு இருக்கு அதனால கவலையில்லன்னும் இருக்கக் கூடாது.

பழசு வாங்கலாமா? யாரோ தெரிஞ்சவங்க குடுக்குறாங்க.

ஸ்டிக், ஆர்ம் பேடு, கிளவுஸ் எல்லாம் தாராளமா வாங்குங்க. கிளவுஸ்ல மட்டும் உள்ளங்கைத் தோல் ஓட்டையா இருக்கான்னு பாருங்க, ஓட்டை விழுந்தத போட விட மாட்டாங்க. ஷோல்டர் பேடு 2022க்கு முந்தினதா இருந்தா பெரும்பாலும் அந்த முத்திரை இருக்காது, இல்லன்னா வேணாம். நான் ஒரு பழைய சாமான் கடைல 15 டாலருக்கு ஒரு பேடு வாங்கி பெருமையா எடுத்துட்டுப் போனேன், மொத பிராக்டிஸ்லயே கோச் அத நெஞ்சு பக்கம் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு, ஒண்ணும் பேசாம கழட்டிக் கைல குடுத்துட்டாரு. அவன் அன்னிக்கு முழுக்க சைடுலைன்ல என் கூட உக்காந்திருந்தான்.

ஹெல்மெட் பழசுன்னா அது எத்தன அடி வாங்கியிருக்குன்னு வெளிய பாத்து தெரியாது, உள்ள ஃபோம் அமுங்கியிருக்கலாம், ஓட்டுல மயிரிழை விரிசல் இருக்கலாம். கம்பெனி செஞ்ச தேதி பாத்து, குடுக்குறவங்க நெருங்குன பழக்கமா இருந்தா மட்டும் யோசிங்க. சைக்கிள் ஹெல்மெட், ஐஸ் ஹாக்கி ஹெல்மெட் இதெல்லாம் செல்லாது.

ஹெல்மெட் சைஸ் எப்படிப் பாக்குறது?

போட்டு நாலு ஸ்ட்ராப்பும் இறுக்கிட்டு, முன்பக்கக் கம்பியப் பிடிச்சு மெதுவா இடவலமா ஆட்டுங்க. ஹெல்மெட்டோட சேந்து நெத்தித் தோலும் நகரணும். ஹெல்மெட் மட்டும் சுத்துச்சுன்னா பெருசு. அடுத்த வருஷமும் ஆகும்னு பள்ளிக்கூட யூனிஃபார்ம் எடுக்குற மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுக்காதீங்க. பின்னாடி திருகி இறுக்குற மாதிரி மாடல் வருது, அது வளர்ற தலைக்குக் கொஞ்சம் ஈடு குடுக்கும்.

பொண்ணுக்கு என்ன வேணும்?

கண் கவசம், மவுத் கார்ட், ஸ்டிக், ஷூ. முடிஞ்சுது. கண் கவசத்துல ஏஎஸ்டிஎம் எஃப்3077ங்கற பாதுகாப்பு ஸ்டாண்டர்டு முத்திரை இருக்கணும். கண்ணாடி போடுற பொண்ணுன்னா கண்ணாடி மேலயே போடுற அகலமான மாடல் இருக்கு, கண்ணாடியையே கடைக்கு எடுத்துட்டுப் போய் போட்டுப் பாருங்க. மெத்தையா ஒரு ஹெட்கியரும் உண்டு, அது இஷ்டம் இருந்தா போடலாம், ஃபுளோரிடால மட்டும் ஹைஸ்கூல் பொண்ணுங்களுக்கு 2018ல இருந்து கட்டாயம். எங்க லீக்ல கம்மல கழட்டச் சொன்னாங்க, அப்பதான் காது குத்தியிருந்தோம், அந்த சீசன்ல பாதி போச்சு. காது குத்து வெக்கிறதா இருந்தா ஜூனுக்கு அப்புறம் வெச்சுக்குங்க.

பொண்ணுங்களுக்கு ஏன் ஹெல்மெட் இல்லன்னு என் மனைவி இன்னும் கேக்குறாங்க. ஹெல்மெட் போட்டா அடிக்கலாம்னு தைரியம் வரும், அதனால ஆட்டத்தையே அடிதடி இல்லாததா வெச்சிருக்கோம்ங்கறது ரூல் போடுறவங்க வாதம். எனக்கு முழுசா திருப்தி இல்ல, அதனால எங்க பொண்ணு அந்த மெத்தை ஹெட்கியர் போட்டுதான் ஆடுறா.

மவுத் கார்ட் எதுன்னாலும் சரியா?

வெள்ளையும் நிறமில்லாததும் வேணாம், ரெஃப்ரி தூரத்துல இருந்து பாத்தே வாயில இருக்குன்னு தெரியணும். வெந்நீர்ல போட்டு பல்லுக்குப் பதிய வெக்கிற டைப் போதும். கார்ல வெயில்ல விட்டுட்டீங்கன்னா கடலை மிட்டாய் உருகுன மாதிரி ஆயிடும், ரெண்டா வாங்குங்க.

ஸ்டிக் எந்த நீளம்?

பசங்களுக்கு சாதாரண ஷார்ட் ஸ்டிக் 40ல இருந்து 42 இஞ்ச், 10 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு 37 இஞ்ச் வரைக்கும் வெட்டிக்கலாம். அலாய் ஷாஃப்ட்னா இரும்பு அறுக்குற ரம்பத்தாலயே அறுக்கலாம், ஆனா கொஞ்சம் கொஞ்சமா, ஒட்ட வெக்க முடியாது. அடிமுனைல ரப்பர் மூடி இல்லாம ஆட விட மாட்டாங்க, வெறும் குழாய் முனை யாரையாவது குத்துனா வட்டமா வெட்டிடும். பொண்ணுங்க ஸ்டிக் 35.5ல இருந்து 43.25 இஞ்ச்.

பெரிய பசங்க சில பேர் ஆள் உயரத்துக்கு ஒரு கம்பு வெச்சிருப்பாங்க, 52ல இருந்து 72 இஞ்ச், அது லாங் போல், டிஃபென்ஸ்காரங்களோடது. கோலியச் சேக்காம ஒரு டீம்ல ஒரே நேரத்துல நாலுதான் உள்ள இருக்கலாம். சின்னப் பசங்களுக்கு லாங் போலே கிடையாது, அதனால பையன் கேட்டாலும் இப்ப வாங்காதீங்க.

வலை, பாக்கெட்னு என்னமோ சொல்றாங்களே?

ஸ்டிக்கோட உயிரே அதுலதான் இருக்கு, 60 டாலர் ஸ்டிக்குல நல்லா கட்டுன வலை, 200 டாலர் ஸ்டிக்குல சொதப்புன வலைய விட நூறு மடங்கு மேல். கடைல கட்டி வர்ற வலை அட்டை மாதிரி விறைப்பா இருக்கும், பந்து உள்ள போயி துள்ளி வெளிய வந்துடும். புதுப் பையன் பந்து பிடிக்கத் தெரியலன்னு நெனச்சிக்குவான். வாங்குன அன்னிக்கே பந்த உள்ள வெச்சு கைமூட்டால நல்லா அமுக்கி அமுக்கி, ராத்திரி பூரா பந்து மேல துணி கட்டி வெச்சு, ஒரு வாரம் செவுத்துல அடிச்சா படியும்.

அளவுக்கு மேல ஆழமானாலும் தப்பு. பசங்க ஸ்டிக்க கண்ணு மட்டத்துல படுக்கையா வெச்சு பந்த உள்ள போட்டுப் பாருங்க, பந்தோட மேல்பாகத்துக்கும் ஹெட்டோட பக்கச் செவுத்தோட கீழ் ஓரத்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரிஞ்சா அது சட்ட விரோத ஸ்டிக், ரெஃப்ரி பிடுங்கி வெச்சிடுவாரு. பொண்ணுங்களுக்கு இன்னும் கறார், பந்தோட தலை பக்கச் செவுத்துக்கு மேல தெரியணும். மழைல நனைஞ்சா வலை தொங்கும், அதனால மழை நாள்ல ஆட்டத்துக்கு முன்னாடி இன்னொரு தடவ பாத்துக்குங்க.

பந்து எதுன்னாலும் ஓகேவா?

நாக்ஸி முத்திரை உள்ளது வாங்குங்க. பந்து பழசானா மேல பளபளன்னு எண்ணெய் தடவுன மாதிரி வழுக்கும், இங்க கிரீஸர்னு சொல்வாங்க, அது வலைல நிக்காது. தூக்கிப் போடாதீங்க, முதுகு வலிக்குச் செவுத்துல வெச்சு உருட்ட இத விட நல்ல சாமான் இல்ல. எங்க வீட்ல நாலு கிரீஸர் இருக்கு, நாலும் என்னோடது.

எத்தன பேர் ஆடுறாங்க? ஆஃப்சைடுன்னு விசில் அடிக்கிறாங்க, சாக்கர் மாதிரியா?

பசங்க ஃபுல் ஆட்டத்துல 10 பேர்: கோலி, 3 டிஃபென்ஸ், 3 மிட்ஃபீல்டு, 3 அட்டாக். ஆஃப்சைடு சாக்கர் மாதிரி இல்ல, வெறும் தலை எண்ணுறதுதான். நடுக்கோட்டுக்கு நம்ம பக்கம் எப்பவும் கோலியோட சேத்து 4 பேர் இருக்கணும், அந்தப் பக்கம் 3 பேர் இருக்கணும். டிஃபென்ஸ் பையன் ஒருத்தன் பந்தோட கோடு தாண்டி ஓடுனா, ஒரு மிட்ஃபீல்டர் கோட்டுலயே நின்னு கைய தூக்கி "மிடி பேக்"ன்னு கத்துவான், அது அந்தக் கணக்கு சரியா இருக்குன்னு காட்டுறதுக்குதான்.

சின்னப் பசங்களுக்கு ஆள் கம்மி, மைதானமும் சின்னது. ரொம்பப் பொடிசுங்க 4க்கு 4 கோலியே இல்லாம ஆடுவாங்க, 10 வயசுப் பசங்க 7க்கு 7. ஆள் கம்மியா இருந்தா பந்து எல்லார் கைக்கும் வரும், அதனால உங்க லீக் சின்ன ஆட்டம் வெச்சா அது குறை இல்ல. ஆள் மாத்துறதுக்கு கணக்கே இல்ல, ஆட்டம் ஓடிட்டே இருக்கும்போது பென்ச் முன்னாடி இருக்குற கேட் வழியா ஒருத்தன் வெளிய, ஒருத்தன் உள்ள.

பந்து வெளிய போனப்ப அடிச்ச டீமுக்கே திரும்பக் குடுத்தாங்க. ரெஃப்ரி தப்பு பண்ணிட்டாரா?

இல்லங்க, புதுசா பாக்குற எல்லாரும் கொதிக்கிற இடம் இதுதான், நானும் நாற்காலிய விட்டு எந்திரிச்சிருக்கேன். சாதாரணமா பந்து வெளிய போனா கடைசியா தொட்டவங்களுக்கு எதிர் டீமுக்குதான். ஆனா கோலுக்கு அடிச்ச ஷாட் வெளிய போச்சுன்னா, கோடு தாண்டுன இடத்துக்கு யார் கிட்ட இருக்காங்களோ அவங்களுக்கு. அதனாலதான் ஒருத்தன் ஷாட் அடிக்கும்போது அதே டீம் பையன் ஒருத்தன் கோலுக்குப் பின்னாடி எல்லைய நோக்கிப் பறப்பான், கோட்டுகிட்ட ஸ்டிக்க நீட்டுவான். இத உங்க பையன் தெரிஞ்சு வெச்சிருந்தான்னா, கோல் அடிக்கத் தெரியாமலே கோச்சுக்குப் பிடிச்ச புள்ள ஆயிடுவான். ஆமா, கோலுக்குப் பின்னாடியும் மைதானம் இருக்கு, அங்க நின்னும் ஆடலாம்.

எவ்ளோ அடிக்கலாம்? பாக்கவே பயமா இருக்கு.

பசங்க ஆட்டத்துல எதிராளி ஸ்டிக்கையும், ஸ்டிக் பிடிச்ச கிளவுஸையும் தட்டலாம், அதுக்குப் பேரு செக். தலைல, கழுத்துல, முதுகுல பட்டா ஃபவுல். 10 வயசுக்குக் கீழ உடம்பால இடிக்கிறதே கூடாது. பெரிய பசங்களுக்கும் யூத் ரூல்ல ஆளையே தூக்கி எறியுற மாதிரி இடி கிடையாது. சத்தம்தான் பெருசு, பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மோதுற சத்தம்.

பெனால்டி ரெண்டு வகை. தள்ளுறது, பிடிச்சு நிறுத்துறது, ஆஃப்சைடு இதெல்லாம் டெக்னிக்கல், எதிர் டீம் கைல பந்து இருக்கும்போது செஞ்சா 30 செகண்ட் வெளிய, இல்லன்னா பந்து கை மாறும், அவ்ளோதான். காட்டுத்தனமா ஸ்டிக்க வீசுறது, கால் தட்டி விடுறது, ரெண்டு கைக்கு நடுவுல இருக்குற கம்பால இடிக்கிறது, கெட்ட வார்த்தை இதெல்லாம் பர்சனல், 1ல இருந்து 3 நிமிஷம். அந்த நேரம் அவன் டீம் ஒரு ஆள் கம்மியா ஆடணும். வார்டிங்னு ஒரு ஃபவுல் புதுப் பசங்க எல்லாருக்கும் வரும்: ஒரு கைல பந்தோட ஸ்டிக்க வெச்சுக்கிட்டு இன்னொரு கையால எதிராளி ஸ்டிக்கத் தள்ளக் கூடாது. கைய மடக்கி அரணா வெச்சுக்கலாம், தள்ளத்தான் கூடாது.

பொண்ணுங்க ரூல்ல என்ன வித்தியாசம்?

அமெரிக்க ஸ்கூல் ஆட்டத்துல 12 பேர். பசங்க ஆட்டம் ஃபேஸ்ஆஃப்ல, அதாவது தரைல பந்த வெச்சு ரெண்டு பேர் குனிஞ்சு அமுக்கி ஆரம்பிக்கும். பொண்ணுங்க நின்னுக்கிட்டு, ரெண்டு ஸ்டிக்கும் முதுகோட முதுகு ஒட்டி நடுவுல பந்த வெச்சு விசில் அடிச்சதும் மேல தூக்கி விடுவாங்க, டிரான்னு பேரு, பாக்க அழகா இருக்கும்.

செக்கிங் வயசுப்படி: 10க்குக் கீழ ஸ்டிக்க தட்டவே கூடாது, அடுத்த வயசுல ஸ்டிக் தோளுக்குக் கீழ இருந்தா மட்டும் தட்டலாம். தலையச் சுத்தி ஒரு வளையம் மாதிரி கற்பனை பண்ணிக்கணும், அதுக்குள்ள ஸ்டிக் வந்தா ஃபவுல். கோலுக்கு முன்னாடி 8 மீட்டர் வில் ஒண்ணு வரைஞ்சிருக்கும், அதுக்குள்ள டிஃபென்ஸ் பெரிய தப்பு செஞ்சா அந்தக் கோட்டுல இருந்து ஃப்ரீ ஷாட். இதுல ஒரு ரூல் நம்ம பொண்ணுங்களுக்குப் புரியவே நாளாகும்: ஷூட்டிங் ஸ்பேஸ். ஷாட் அடிக்கப் போறவளுக்கும் கோலுக்கும் நடுவுல சும்மா போய் நின்னு மறைச்சாலே ஃபவுல், ஸ்டிக் எட்டுற தூரத்துல ஆள மார்க் பண்ணிக்கிட்டு இருந்தா மட்டும்தான் நிக்கலாம். என் பொண்ணு தைரியமா குறுக்க நின்னேன்பான்னு பெருமையா பாத்தா, ரெஃப்ரி அவளுக்கு எதிரா விசில் அடிச்சாங்க. ஹெல்மெட் இல்லாத புள்ள பந்து வர்ற பாதைல நிக்கக் கூடாதுன்னுதான் அந்த ரூல், யோசிச்சா நியாயம்தான்.

பையன் கோலியா நிக்குறேங்குறான்.

நிக்கட்டும், கோலி கெடைக்கிறது குதிரைக்கொம்பு, ஆட்டம் முழுக்க உள்ளயே இருப்பான், கியரையும் பெரும்பாலும் லீக்கே குடுக்கும். தொண்டைக் கவசமும் என்டி 200 நெஞ்சுக் கவசமும் கட்டாயம். கோலச் சுத்தி 9 அடி ஆரத்துல ஒரு வட்டம், கிரீஸுன்னு பேரு, கிரிக்கெட்ல சொல்ற அதே வார்த்தை. எதிர் டீம் உள்ள கால் வெக்கக் கூடாது, கோலியும் பந்து கெடைச்சா 4 செகண்டுக்குள்ள பாஸ் பண்ணணும், இல்ல வெளிய வரணும். மொத நாள்ல இருந்து கால்ல, தொடைல பந்து பட்டு கருநீலமா கன்னிப்போகும். அத நீங்க தாங்குவீங்களான்னு மட்டும் கேட்டுக்குங்க, அவன் தாங்கிடுவான்.

வீட்ல என்ன பிராக்டிஸ் பண்ணலாம்?

செவுரு. வால்பால்னு சொல்வாங்க. ஜன்னல் இல்லாத செவுரு, ஒரு பந்து, ஹெல்மெட், தினமும் 15 நிமிஷம், வலது கைல 50, இடது கைல 50. இடது கைதான் முக்கியம், மொத மாசம் கேவலமா இருக்கும், அப்பவும் விடக் கூடாது.

தரைப் பந்த அள்ளுறதும் அப்படித்தான். சின்னப் பசங்க ஆட்டத்துல முக்கால்வாசி நேரம் பந்து தரைலதான் உருளும், யாரு அள்ளுறாங்களோ அவங்க ஆட்டம். புதுசா வர்றவன் ஸ்டிக்க செங்குத்தா வெச்சு பந்து மேல கோழி கொத்துற மாதிரி கொத்துவான். முழங்கால மடக்கி, பின் கைய தரைக்குக் கிட்ட கொண்டு வந்து, மண்வெட்டில மண்ணு அள்ளுற மாதிரி ஓடிக்கிட்டே தள்ளி அள்ளணும், நின்னு அள்ளக் கூடாது. அள்ளுனதும் முகத்துக்குக் கிட்ட கொண்டு வந்து தொட்டில் ஆட்டுற மாதிரி மணிக்கட்ட ஆட்டணும், அப்பதான் பந்து வலைக்குள்ள ஒட்டி நிக்கும். கிரேடில்னு பேரே அதான்.

தலைல அடிபட்டா?

ஹெல்மெட் மண்டை உடையாம காக்கும், மூளை குலுங்குறத முழுசா தடுக்காது. தலைவலி, மயக்கம், வாந்தி, பேச்சுல குழப்பம் ஏதாவது ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கு ஆட்டம் முடிஞ்சுது, டாக்டர் எழுதிக் குடுக்காம திரும்ப இறக்கக் கூடாது. "ஒண்ணும் இல்லப்பா நான் ஆடுறேன்"னு அவன் சொல்றத நம்பாதீங்க, எல்லாப் பசங்களும் அதத்தான் சொல்வாங்க.

காலேஜ் ஸ்காலர்ஷிப் கெடைக்குமாமே?

கேப்பீங்கன்னு தெரியும். முன்னாடி காலேஜ் விளையாட்டோட மேல்மட்டமான டிவிஷன் ஒன்ல ஆண்கள் டீமுக்கு மொத்தமே 12.6 முழு ஸ்காலர்ஷிப் கணக்குதான், அத நாப்பது அம்பது பேருக்குக் கூறு போட்டுக் குடுப்பாங்க. 2025-26ல இருந்து அந்தக் கணக்கு மாறி, புது ஏற்பாட்டுல சேந்த காலேஜ்கள்ல டீமுக்கு எத்தன பேர்ங்கற வரம்பு வந்திருக்கு. ஐவி லீக் காலேஜ்கள்ல விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கெடையாது. அதோட பதினோராம் கிளாஸ் செப்டம்பர் 1க்கு முன்னாடி காலேஜ் கோச் பையன்கிட்ட பேசவே கூடாதுன்னு 2017ல இருந்து ரூல் இருக்கு. அதனால 9 வயசுப் பையனுக்கு ஊர் ஊரா போய் ஆடுற டிராவல் டீமுக்கு ஆயிரக்கணக்குல ஃபீஸ் கேட்டு, காலேஜ் கோச் எல்லாம் பாக்க வர்றாங்கன்னு யாராவது சொன்னா, சிரிச்சிட்டு நகந்துடுங்க.

கனடால சொந்தக்காரங்க பையன் ஆடுறது வேற மாதிரி இருக்கே?

அது பாக்ஸ் லக்ராஸ். ஐஸ் எடுத்துட்ட ஹாக்கி ரிங்க்குல, கோலியோட சேத்து 6 பேர், கோல் சின்னது, கோலி சோபாவுக்கு உயிர் வந்த மாதிரி இருப்பாரு. ஸ்கார்பரோ, பிராம்டன் பக்கம் அதுதான் அதிகம். கனடால 1994ல சட்டமே போட்டு ஹாக்கி குளிர்கால தேசிய விளையாட்டு, லக்ராஸ் கோடைகால தேசிய விளையாட்டுன்னு வெச்சிருக்காங்க. பேடு லிஸ்ட் வேற, அங்க உள்ள லீக்கதான் கேக்கணும். 2028 ஒலிம்பிக்ல வரப்போறது சிக்ஸஸ், அதுவும் 6 பேர்தான், ஆனா வெளி மைதானம், 30 செகண்டுக்குள்ள ஷாட் அடிக்கணும், ஓடி ஓடி நாக்கு தள்ளும்.

அந்த நாத்தம் எப்படிப் போகும்?

கிளவுஸையும் பேடையும் பையோட வீட்டுக்குள்ள கொண்டு வந்தீங்கன்னா சாம்பிராணி போட்டாலும் போகாது. பிராக்டிஸ் முடிஞ்சதும் பைய தலைகீழா கொட்டி, கராஜ்லயோ வெயில்லயோ வடகம் காய வெக்கிற மாதிரி பரத்திப் போடுங்க. எங்க வீட்ல அந்தப் பைக்கு அடுப்படிக் கதவத் தாண்ட அனுமதி இல்ல.

எப்ப சேக்கணும்?

ஆட்டம் வசந்த காலத்துல, மார்ச்ல ஆரம்பிச்சு ஜூன் மொத வாரத்துக்குள்ள முடியும், ஆனா பேர் குடுக்குறது டிசம்பர், ஜனவரிலயே. பொங்கல் வாரத்துல ஞாபகம் வெச்சுக்குங்க, நான் மொத வருஷம் பிப்ரவரி கடைசில போய் நின்னு வெயிட்டிங் லிஸ்ட்ல கெடந்தேன். மார்ச் சாயங்காலம் மைதானத்துல விரல் விறைக்கும், பேடுக்கு உள்ள ஒட்டுன மாதிரி ஒரு முழுக்கை பனியன் போட்டு விடுங்க, உங்களுக்கு ஃபிளாஸ்க்ல டீ.